விலக்குப் பட்டியலில் என் தம்பி: உளவியல் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உளவியல் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலர் தொற்றுக்குப் பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிக்கும் சோர்வை ஆராய்கிறீர்கள். வேறு சிலர் குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்று ஆராய்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என் தம்பி உங்கள் இரண்டு துறைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

அவன் குடியை விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தபோது கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகவில்லை. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஒரு நாள் காலையில் குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் பிரஷ். அதில் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது. "பாதி தேய்ச்சிட்டேன் அக்கா, மீதிக்குக் கையைத் தூக்க முடியல" என்றான். அவனுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்த இடத்துக்கே முதலில் கூட்டிப்போனேன். அவனை நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஆலோசகர் அவன் கண்களைப் பார்த்தார், குழறும் பேச்சைக் கேட்டார், "மறுபடி எப்ப ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார். ஊதச் சொன்னார்கள். கருவி பூஜ்யம் காட்டியது. அதற்கப்புறமும் அவர் முகத்திலிருந்து சந்தேகம் போகவில்லை. அடுத்து ஒரு பொது மருத்துவர். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது. பழைய சீட்டில் குடிப்பழக்கம் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் அவர் பேனாவை மூடிவிட்டார். "மனசுதான் காரணம். தினமும் நடங்க, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க."

அவன் நடந்தான். சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் அவனைக் குடியிலிருந்து மீட்டது, அதனால் இதையும் அப்படியே செய்தான். மூன்றாவது வாரம் படுத்த படுக்கையானான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த இடம்தான். குடியிலிருந்து மீள்பவருக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: சும்மா இருக்காதே. நேரத்தை நிரப்பு, வேலைக்குப் போ, கூட்டத்துக்குப் போ, நாலு பேரோடு பேசு, உடற்பயிற்சி செய். இது நல்ல அறிவுரை. என் தம்பி அதனால் உயிரோடு இருக்கிறான். தொற்றுக்குப் பின் சோர்வில் விழுந்தவருக்கோ நேர் எதிரானது தேவைப்படுகிறது: நிறுத்து, அளந்து செய், நன்றாக இருக்கும் நாளில்கூட முழுவதையும் செலவழிக்காதே. நோயாளிகள் இதைப் பேசிங் என்கிறார்கள். இரண்டும் ஒரே உடம்பில் வந்து சேரும்போது என்ன செய்வது என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு வாரத்தை மட்டும் சொல்கிறேன். செவ்வாய் மாலை அவனுடைய குழுக் கூட்டம். போனான், பேசினான், முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு வந்தான். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். புதன்கிழமை பரவாயில்லை. வியாழன் காலையில் திரைச்சீலையை விலக்கியதும் கண்ணைப் பொத்திக்கொண்டு அழுதான். வெளிச்சம் வலித்தது, நான் தட்டு வைக்கும் சத்தம் வலித்தது. ஞாயிறு வரை அப்படியே கிடந்தான். செவ்வாயின் விலையை வியாழனில் கொடுப்பதுதான் இந்த நோயின் சுபாவம். தாமதமாக வருவதால், எது எதனால் வந்தது என்று பார்ப்பவருக்குப் புரிவதில்லை. குழுவில் இருந்த நண்பர்கள் அவன் தொடர்ந்து வராததைப் பார்த்துப் பயந்தார்கள். வராமல் போகிறவன் குடிக்கப் போகிறான் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட பாடம். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் ஆபத்து என்று அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். அந்த நாலாவது இவனை விட்டு ஒரு மணி நேரம்கூட விலகுவதில்லை.

இப்படியிருக்கும்போதுதான் ஓர் ஆய்வுக்கு ஆட்கள் தேடுவதாகக் கேள்விப்பட்டோம். தொற்றுக்குப் பிந்தைய சோர்வைப் பற்றிய ஆய்வு. எந்த நிறுவனம் என்று சொல்ல விரும்பவில்லை, நான் புகார் சொல்வது அந்த ஒரு நிறுவனத்தைப் பற்றி மட்டும் இல்லை. படிவத்தை இரண்டு நாளாகப் பிரித்து நிரப்பினான். மதுப்பழக்கம் பற்றிய கேள்விக்கு உண்மையைச் சொன்னான். பொய் சொல்லாமல் இருப்பதுதானே அவனுடைய மீட்பு. தகுதி இல்லை என்று பதில் வந்தது.

ஏன் என்று தேடிப் படித்தேன். நீடித்த சோர்வு நோய் யாருக்கு இருக்கிறது என்று தீர்மானிக்க இந்தத் துறையில் நெடுங்காலம் புழங்கிய வரையறை, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 1994-ல் வெளிக்கொண்டுவந்த ஃபுகுடா வரையறை. சோர்வு தொடங்குவதற்கு முந்தைய 2 வருடங்களுக்குள்ளோ, அதற்குப் பிறகு எப்போதாவதோ மதுவையோ போதைப் பொருளையோ தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த நபரை விலக்க வேண்டும் என்கிறது அது. என் தம்பிக்கு ஆறு மாதம் குறைந்துவிட்டது.

அந்த விதி எதற்காக வந்தது என்பது எனக்குப் புரிகிறது. குடியே சோர்வைக் கொடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், யோசனையை மந்தமாக்கும். நிறுத்திய பிறகும் பல மாதங்கள் அந்தத் தொல்லைகள் இழுக்கும். காரணம் தெளிவாக உள்ள சோர்வைத் தனியே வைத்துவிட்டு, காரணம் புரியாததைப் படிக்க நினைத்தார்கள். 1994-ல் அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் அதே வரையறையின் இன்னொரு பகுதியைப் பாருங்கள். நீடித்த சோர்வோடு எட்டு அறிகுறிகளில் நான்கு இருந்தால் போதும். சிறிய உழைப்புக்குப் பின் மொத்தமாகச் சரிவது அந்த எட்டில் ஒன்று மட்டுமே, கட்டாயம் கிடையாது. அதாவது அந்தச் சரிவே இல்லாத ஒருவர் ஆய்வுக்குள் வரலாம், அச்சு அசலாக அதே சரிவோடு தரையில் கிடக்கும் என் தம்பி வர முடியாது. அந்தச் சரிவுதான் நோயின் மையம் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பின் அறிக்கை 2015-ல் சொன்னது. பிரித்தறிய ஒரு வழி அங்கேயே இருக்கிறதே! குடியை விட்டவரின் மந்தமும் மனச்சோர்வும் பொதுவாக நடந்தால், ஓடினால் கொஞ்சமாவது தெளியும். இவனுக்கு நடந்தால் இரண்டு நாள் கழித்து விழுகிறது. கேட்கத் தெரிந்தால் ஒரு மணி நேரப் பேச்சிலேயே வித்தியாசம் தெரியும்.

அப்புறம், மனசுதான் என்ற பேச்சு. உளவியலாளர்களிடம் இதை எழுதுவது சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மறுக்கும் நல்ல ஆதாரம் சிலவற்றை உங்கள் துறையே தந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டப்போ பகுதியில் மூன்று விதமான தொற்றுகளில் விழுந்த 253 பேரைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் சுமார் 12 சதவீதம் பேர் எழவில்லை. யார் எழமாட்டார்கள் என்பதை முக்கியமாகக் காட்டியது, ஆரம்பக் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதே. அவர்களுடைய மனநிலை காட்டவில்லை. சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்து உளவியலாளர் லியனார்ட் ஜேசனும் சக ஆய்வாளர்களும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கல்லூரி மாணவர்கள் 4,501 பேரிடம் நோய் வருவதற்கு முன்பே மனநிலை, உடல்நிலை எல்லாம் குறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதில் 238 பேருக்கு மோனோநியூக்ளியோசிஸ் என்ற சுரப்பிக் காய்ச்சல் வந்தது. அவர்களில் 55 பேர் ஆறு மாதத்துக்குப் பிறகு நீடித்த சோர்வு நோயின் வரையறைக்குள் வந்தார்கள். அந்த 55 பேர் முன்பே மன அழுத்தமோ பதற்றமோ கூடுதலாக உள்ளவர்களாக இல்லை. உடல் உபாதைகளும் நோயெதிர்ப்பில் சில மாறுபாடுகளும்தான் முன்பே இருந்தன. நோய் வந்த பிறகு ஒருவரின் சோகத்தை அளந்துவிட்டு, சோகத்தால்தான் நோய் என்று எழுதுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுவது போன்ற சிகிச்சைகள் இந்த நோய்க்கு உதவுமா என்று பார்க்க பிரிட்டனில் 641 பேரை வைத்து நடந்த பேஸ் (PACE) சோதனையைப் பற்றி நீங்களே நிறையப் பேசிவிட்டீர்கள். ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். உடல் செயல்பாட்டு மதிப்பெண் 65 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். பின்னால் மீட்பைக் கணக்கிட்டபோது அதே மதிப்பெண்ணுக்கு 60 போதும் என்று வைத்தார்கள். சேரும் அளவுக்கு நோயாளியாகவும், அந்த ஓர் அளவில் மீண்டவராகவும் ஒருவர் ஒரே நாளில் இருக்க முடிந்தது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைக் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் வழிகாட்டுதலை மாற்றும்வரை எத்தனை பேர் என் தம்பியைப் போல நடந்து நடந்து படுக்கையில் விழுந்திருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அவனிடம் நடக்கச் சொன்ன மருத்துவருக்கு அந்த மாற்றம் போய்ச் சேரவே இல்லை.

ஜேசனின் பெயரைச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. அவரே சுரப்பிக் காய்ச்சலுக்குப் பின் இந்த நோயில் படுத்தவர். அவர் நெடுங்காலம் ஆராய்ந்த இன்னொரு விஷயம் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ். 1975-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் தொடங்கிய மீட்பு இல்லங்கள் அவை. மேற்பார்வைக்கு ஊழியர் கிடையாது. குடியை விட்டவர்களே சேர்ந்து வாடகையைப் பகிர்ந்து, ஓட்டுப் போட்டு வீட்டை நடத்துகிறார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்று கெடு கிடையாது. மறுபடி குடித்தால் வெளியேற வேண்டும். சிகிச்சை முடித்து வெளியே வந்த 150 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை அங்கே அனுப்பிப் பார்த்தார்கள். 24 மாதம் கழித்து, அந்த வீடுகளுக்குப் போனவர்களில் 31 சதவீதம் பேர்தான் மறுபடி குடித்தோ போதை எடுத்தோ இருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் விட்டவர்களில் அது 65 சதவீதம்.

இதைப் படித்தபோது எனக்கு ஆசையும் துக்கமும் ஒன்றாக வந்தன. கூட இருக்கும் மனிதர்கள்தான் மருந்து என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் வாடகைப் பங்கைக் கட்ட வேண்டும், வீட்டு வேலையைப் பகிர வேண்டும், வாராந்தரக் கூட்டத்தில் உட்கார வேண்டும். பாதிப் பல்லோடு கை ஓய்ந்துபோகிறவன் அங்கே எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? மற்றவர்கள் அவனைச் சோம்பேறி என்று நினைக்காமல் இருக்க என்ன செய்யலாம்? இந்த இரண்டு துறைகளையும் ஒரே மனிதர் தன் ஆயுளில் படித்திருக்கிறார் என்றால், இரண்டு நோயும் உள்ள ஒருவனை ஏன் ஒரே ஆய்வில் படிக்க முடியாது?

மருந்து விஷயமும் இருக்கிறது. தூக்கமே வராமல் தவித்தபோது ஒரு மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பழக்கத்துக்கு அடிமையாகக்கூடிய வகை. வீட்டுக்கு வந்ததும் அட்டையை என் கையில் கொடுத்து, "நீயே வச்சுக்கோ, நான் கேட்டாலும் ஒண்ணுக்கு மேல தராதே" என்றான். நான் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒவ்வோர் இரவும் எண்ணிக் கொடுப்பேன். பத்து நாள் கழித்து, வேண்டாம் என்று அவனே நிறுத்திவிட்டான், தூக்கம் இல்லாமலே இருக்கிறேன் என்றான். ஒரு நோயைத் தணிக்கப் போய் இன்னொன்றில் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு ஒருவன் வலியைத் தாங்குவது எப்படியிருக்கும் என்று அளக்க உங்களிடம் ஒரு கேள்வித்தாளாவது இருக்கிறதா?

விதியை ஒரே நாளில் தூக்கி எறியச் சொல்லவில்லை. முதன்மை ஆய்வில் சேர்க்க முடியாவிட்டால், பக்கத்திலேயே ஒரு தனிக் குழுவாக வைத்துப் பின்தொடருங்கள். மீட்பு இல்லங்களிலும் குழுக்களிலும் ஆய்வு செய்பவர்கள், "சோர்வாக இருக்கிறதா" என்பதோடு நிறுத்தாமல், நேற்றும் முந்தாநாளும் என்ன செய்தீர்கள், இன்று எப்படியிருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். தொற்றுக்குப் பின் கூட்டத்துக்கு வராமல் போனவர்களைத் தேடிப் போங்கள். அவர்கள் எல்லோரும் குடிக்கப் போய்விடவில்லை. சிலர் இருட்டு அறையில் படுத்திருக்கிறார்கள்.

என் தம்பிக்குக் கடைசியாகக் குடித்த தேதி தெரியும், காய்ச்சல் வந்த தேதியும் தெரியும். இடைப்பட்ட ஒவ்வொரு நாளையும் எண்ணி வைத்திருக்கிறான். கேள்விகளை இரண்டு மூன்று தவணையாக அனுப்பினால் படுத்தபடியே பதில் சொல்வான். எழுத முடியாத நாளில் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா