ரியாத்ல ஆனந்த் ஆடின பெர்லின்: கேம் மூவ்களையும் சேர்த்து போடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

செஸ் நியூஸ்னா நம்ம பேப்பர்ல யாரு ஜெயிச்சா எத்தனை பாயிண்ட்னு மட்டும்தான் வருது, என்ன ஓப்பனிங் (ஆட்டத்த தொடங்கற முறை), எப்படி ஜெயிச்சாங்கன்னு ஒரு வரி கூட இருக்கறதில்ல, ரொம்ப நாளா மனசுல இருக்கு அதான் எழுதறேன்.

2017 டிசம்பர், ரியாத், வேர்ல்ட் ரேபிட், அதாவது வேகமா ஆடற செஸ்ஸோட உலக சாம்பியன்ஷிப், அதுல ஒன்பதாவது ரவுண்ட். அப்போ உலக சாம்பியனா இருந்த கார்ல்சன் வெள்ளை, நம்ம ஆனந்த் கருப்பு. ஆளுக்கு 15 நிமிஷம், மூவுக்கு 10 செகண்ட் கூட, அவ்ளோதான் டைம். 34 மூவ்ல ஆனந்த் ஜெயிச்சாரு, அதுவும் 48 வயசுல! ஆடினது பெர்லின் டிஃபென்ஸ். வெள்ளை பிஷப் பி5 கட்டத்துக்கு வந்து குதிரைய மிரட்டும்போது அத விரட்டாம இன்னொரு குதிரைய எஃப்6ல எறக்கி, நீ என் குதிரைய பாத்தா நான் உன் இ4 சிப்பாய பாப்பேன்னு நிக்கிறது. பழைய ஓப்பனிங்தான், ஆனா 2000ல லண்டன்ல உலக சாம்பியன்ஷிப் மேட்ச்ல கிராம்னிக் இத வச்சுதான் சாம்பியன் காஸ்பரோவ மடக்கினாரு, அந்த மேட்ச் முழுக்க காஸ்பரோவால ஒரு கேம் கூட ஜெயிக்க முடியல.

இதே பெர்லின்ல நம்மாளு பட்ட அடிய மறக்க முடியுமா சார்? 2013 சென்னைல நடந்த உலக சாம்பியன்ஷிப் மேட்ச்ல ஆறாவது கேம், ஆனந்த் வெள்ளை, கார்ல்சன் பெர்லின் போட்டு 67 மூவ் இழுத்து ஜெயிச்சாரு, அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல. அடுத்த வருஷம் ரஷ்யால சோச்சில அதே ரெண்டு பேருக்கும் மறுபடி உலக சாம்பியன்ஷிப் மேட்ச், அதுல பதினொன்னாவது கேம், இப்ப ஆனந்த் கருப்புல பெர்லின், தோத்தாரு, மேட்சும் அதோட முடிஞ்சுது. அதே ஓப்பனிங்க, அதே ஆளுக்கு எதிரா, மறுபடி கருப்புல எடுத்து ஜெயிச்சிருக்காருன்னா அதுக்கு எவ்ளோ தைரியம் வேணும். கடைசில ரியாத்ல 15 ரவுண்டும் தோக்காம, பாயிண்ட் சமமா இருந்ததால வச்ச டைபிரேக்ல ஃபெடோசீவ 2-0ன்னு அடிச்சு சாம்பியன் ஆனாரு.

வெறும் ரிசல்ட்ட படிக்கறவங்களுக்கு இந்த கதை எப்படி தெரியும்? போன வாரம் என் பொண்ணுக்கு அந்த கேம போர்டுல வச்சு காட்டினேன், அஞ்சாவது மூவ்ல கார்ல்சன் பிஷப்ப குடுத்து குதிரைய வெட்டினதும் "கருப்புக்கு சிப்பாய் டபுள் ஆயிடுச்சேப்பா"ன்னு பதறினா (ஒரே வரிசைல ஒண்ணு பின்னாடி ஒண்ணு நின்னா பலவீனம்), ரெண்டு பிஷப்பும் கைல இருக்குல்ல, அது பலம், பொறுத்து பாருன்னேன், அப்புறம் அவ நகரவே இல்ல.

சின்ன எழுத்துல ஏழெட்டு வரி போதும் சார், 34 மூவும் அடங்கிடும். ஞாயித்துக்கிழமை போட்டீங்கன்னா எங்க வீட்ல ரெண்டு பேரு போர்டோட உக்காந்திருப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை