பதிவேட்டில் இல்லாத பெயர்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

வக்கீலாக நீ நடத்திய வழக்கில், தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்து இறந்துபோன அந்தத் தொழிலாளியின் மனைவிக்கு இழப்பீடு கிடையாது என்று உத்தரவாகிவிட்டதையும், வருகைப் பதிவேட்டில் அவருடைய பெயரே இல்லாமற்போனதால் அவர் அங்கே வேலை பார்த்ததை உன்னால் நிரூபிக்க முடியவில்லை என்பதையும் எழுதியிருந்தாய். அந்த முதலாளி நம்மவர், ஹஜ் செய்தவர், பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்று தொழுபவர் என்பதையும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: இங்கே கிடைக்காத நீதியை எண்ணி ஏழைகள் மனம் ஆறிக்கொள்வதற்காக உண்டான நம்பிக்கைதானா, இறந்தபின் எழுப்பப்பட்டுக் கணக்குக் கேட்கப்படும் மறுமை?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக நான் உன்னைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. இவ்வளவு காலம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து வந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மறுமையைப் பற்றிய பேச்சு மக்காவில் முதன்முதலாக எழுந்தபோது அதைக் கேட்டு எரிச்சலடைந்தவர்கள் யார், ஏன் என்பதைப் பார்த்தாலே உன் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கப்பாப் இப்னுல் அரத் (ரலி) மக்காவில் கொல்லராக இருந்தவர். ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷிக் குலப் பெரும்புள்ளிக்கு அவர் செய்துகொடுத்த வேலைக்குக் கூலி பாக்கி இருந்தது. கேட்கப் போனபோது, “நீ முஹம்மதை நிராகரித்தால்தான் தருவேன்” என்றான் ஆஸ். “நீ இறந்து, மீண்டும் எழுப்பப்படும் வரையிலும் நான் நிராகரிக்கமாட்டேன்” என்றார் கப்பாப். “அப்படியானால் நான் எழுப்பப்பட்ட பிறகு எனக்குச் செல்வமும் பிள்ளைகளும் இருக்கும், அப்போது உன் கடனைத் தீர்க்கிறேன்” என்று அவன் பரிகாசம் செய்தான். ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இது பதிவாகியிருக்கிறது. குர்ஆனில் சூரா மர்யம் என்ற அத்தியாயத்தின் 77 முதல் 80 வரையுள்ள வசனங்கள் இந்தப் பேச்சுக்குப் பதிலாகவே இறங்கின. அவன் சொல்வதை நாம் எழுதிவைப்போம் என்றும், அவன் நம்மிடம் தனியாகவே வருவான் என்றும் அல்லாஹ் கூறுகிறான்.

இதே ஆஸ்தான், நபித்துவத்துக்கு முன்பே, யமன் நாட்டு ஸுபைத் குலத்திலிருந்து வந்த வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தவன். அந்த வணிகர் அபூ குபைஸ் மலைமேல் ஏறி நின்று ஊரைக் கூவி அழைத்தார். அதன் பிறகு அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் சிலர் கூடி, மக்காவில் அநியாயத்துக்கு ஆளானவர் யாராயினும் அவருடைய உரிமை திரும்பக் கிடைக்கும்வரை அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் எனப்படும் அந்த உடன்படிக்கையில் இளைஞராக இருந்த நம் நாயகம் (ஸல்) அவர்களும் பங்கேற்றார்கள். நபியான பிறகும், அதன் பெயரால் யாரேனும் அழைத்தால் இப்போதும் செல்வேன் என்றார்கள். மக்கிப்போன எலும்பைக் கையில் நொறுக்கிக் காட்டி, “இதையா உன் இறைவன் உயிர்ப்பிக்கப் போகிறான்?” என்று கேட்டவனாகச் சில அறிவிப்புகளில் உபை இப்னு கலஃப் என்ற இன்னொரு குறைஷித் தலைவன் வருகிறான், வேறு சிலவற்றில் இந்த ஆஸே வருகிறான். முதல் முறை படைத்தவனே மீண்டும் உயிர் கொடுப்பான் என்று யாஸீன் சூரா அதற்கு விடை சொன்னது.

கூலியை மறுத்தவனும் வணிகரை ஏமாற்றியவனும் உயிர்த்தெழுதலைக் கேலி செய்தவனும் ஒரே ஆளாக இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கு உண்டு என்ற செய்தி கொடுக்க வேண்டியவனுக்கே முதலில் உறைத்தது. கப்பாபுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கலாம். ஆனால் ஆறுதல் கிடைத்துவிட்டது என்று அவர் கூலியைக் கேட்காமல் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை என்பதையும் பார். மறுமையை நம்பிய அந்தக் கொல்லர் தம் பாக்கியை நேரில் போய்க் கேட்டவர்.

இனி உன் பதிவேட்டுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் கஹ்ஃபு சூராவின் 49ஆம் வசனத்தை அர்த்தத்தோடு ஒருமுறை நிதானமாக ஓது. ஏடு முன்னே வைக்கப்படும்போது குற்றவாளிகள் நடுங்கி, “இது என்ன ஏடு! சிறியதையும் பெரியதையும் எண்ணாமல் விட்டுவைக்கவில்லையே” என்பார்கள். தாம் செய்தவை அனைத்தையும் தம் முன்னே காண்பார்கள். “உம் இறைவன் எவருக்கும் அநீதி செய்யமாட்டான்” என்று அந்த வசனம் முடிகிறது. உன் வழக்கில் ஏட்டைத் திருத்தினார்கள், உடன் வேலை செய்தவர்கள் சாட்சி சொல்ல அஞ்சினார்கள். அந்த நாளிலோ வாய்கள் முத்திரையிடப்பட்டுக் கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்கிறது யாஸீன். அந்தப் பெயரை நீக்கி எழுதிய கையே அங்கே சாட்சிக்கூண்டில் ஏறும். தக்வீர் சூராவில் இன்னொன்று வருகிறது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தக் குற்றத்துக்காக நீ கொல்லப்பட்டாய் என்று கேட்கப்படும். புதைத்தவனை விட்டுவிட்டு, இங்கே யாரும் வாய் திறக்கவிடாத அந்தக் குழந்தையையே முதலில் பேசவைக்கும் அந்த விசாரணை முறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

மனித நீதிமன்றத்தின் எல்லையை நாயகமே (ஸல்) வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய மனைவி உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அது. நானும் மனிதன்தான், வழக்கோடு என்னிடம் வருபவர்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் உள்ளவராக இருக்கக்கூடும், கேட்டதை வைத்து நான் தீர்ப்பளிப்பேன், அதனால் தன் சகோதரனின் உரிமை யாருக்காவது கிடைத்துவிட்டால் அவனுக்கு நான் கொடுப்பது நெருப்பின் ஒரு துண்டு என்றார்கள். ஆகவே உத்தரவு தமக்குச் சாதகமாக வந்ததால் பொறுப்பு நீங்கிவிட்டது என்று அந்த முதலாளி நினைக்க நம் மார்க்கத்தில் இடமில்லை.

அவருடைய ஹஜ்ஜும் தொழுகையும் அவரைக் காப்பாற்றிவிடுமோ என்று கேட்டாய். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் வரும் முஃப்லிஸின் (திவாலானவனின்) ஹதீஸை நீ சிறுவயதிலேயே என்னிடம் பாடம் கேட்டிருக்கிறாய். தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் வருகிற ஒருவன், பிறரை ஏசியதற்கும் அடித்ததற்கும் அவர்கள் பொருளை உண்டதற்கும் ஈடாகத் தன் நன்மைகளை ஒவ்வொருவருக்காக இழந்துகொண்டே வந்து, அவை தீர்ந்ததும் அவர்களுடைய பாவங்களைத் தன் தலையில் வாங்கிக்கொள்வான். அடியார்களின் ஹக்கு, அதாவது பிறருக்குச் சேர வேண்டிய உரிமை, அவ்வளவு கனமானது. உயிர்த்தியாகியின் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்பட்டாலும் கடன் மட்டும் நிற்கும் என்ற ஹதீஸும் இருக்கிறது. இறந்தவரின் மனைவியான அந்த அம்மாள் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்பதால் கணக்கு மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நம்மோடு உடன்படிக்கையில் வாழ்பவர்மீது அநியாயம் செய்பவனுக்கு எதிராக கியாமத் எனும் தீர்ப்பு நாளில் நானே வழக்காடுவேன் என்று நாயகம் (ஸல்) சொன்னதாக அபூதாவூத் என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. அந்தப் பெண்மணிக்கு அங்கே வக்கீல் இல்லாமற்போகாது.

அல்லாஹ் ஏன் தாமதிக்கிறான் என்பதற்கு எனக்குத் தெரிந்த நேரான விடை ஃபாத்திர் சூராவின் கடைசி வசனம்தான். மனிதர்கள் சம்பாதித்ததற்காக அவன் உடனுக்குடன் பிடிப்பதாக இருந்தால் பூமியின் மேல் ஓர் உயிரையும் விட்டுவைத்திருக்கமாட்டான். அந்தத் தவணை முதலாளிக்கு மட்டும் கிடைத்ததன்று. எனக்கும் உனக்கும் கிடைத்திருக்கிறது. இதற்கு மேல், ஓர் ஏழையின் பிள்ளைகள் ஏன் இப்படித் தகப்பனை இழக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை காணப் பேரறிஞர்களும் முயன்றிருக்கிறார்கள். எது ஒவ்வோர் அடியாருக்கும் நல்லதோ அதையே செய்வது அல்லாஹ்வின்மீது கடமை என்று வாதிட்ட தம் ஆசிரியர் ஜுப்பாயியிடம், நல்லவனாகவும் நிராகரித்தவனாகவும் குழந்தையாகவும் இறந்த மூன்று சகோதரர்களைப் பற்றி இறையியல் அறிஞரான இமாம் அஷ்அரி கேள்வி கேட்டு அவரை வாயடைக்கச் செய்தார் என்று சொல்லப்படும் சம்பவம், நம் அறிவைக்கொண்டு அவனுடைய ஹிக்மத்தை (ஞானத்தை) அளந்துவிட முடியாது என்பதற்கே எடுத்துச் சொல்லப்படுகிறது. கடுகளவும் விடுபடாமல் தராசு வைக்கப்படும் என்ற வாக்கு எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஒன்று மட்டும் தாயாகச் சொல்கிறேன். சுமை சுமக்கும் எவரும் இன்னொருவரின் சுமையைச் சுமக்கமாட்டார், உறவினராக இருந்தாலும் சரி. அன்றைக்கு மனிதன் தன் தாயையும் தகப்பனையும் விட்டு ஓடுவான் என்று அபஸ சூரா சொல்கிறது. உன் வழக்குகளின் கணக்கை நீதான் சொல்ல வேண்டும், உனக்காக நான் வந்து நிற்க முடியாது. ஈமான் (இறைநம்பிக்கை) கொண்டவர்களோடு, ஈமானில் அவர்களைப் பின்பற்றிய சந்ததியைச் சேர்த்துவைப்பேன் என்று தூர் சூராவில் அவன் வாக்களித்திருப்பதைப் பற்றிக்கொண்டுதான் இதை என்னால் எழுத முடிகிறது.

மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம் என்றும், வலுவான சட்டக் கேள்வி இருந்தால்தான் உயர்நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்றும் எழுதியிருந்தாய். அதற்கான வேலையைத் தொடங்கிவிடு. நீதியில் நிலைத்து நில்லுங்கள், உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சரி என்ற நிஸா சூராவின் 135ஆம் வசனம் இருக்கும்போது, ‘நம்மவர்’ என்று சொல்லி உன்னைத் தடுக்க வருபவர்களுக்கு நீ தயங்க வேண்டியதில்லை. உடன் வேலை செய்தவர்களில் இரண்டு பேர் நம் பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள் என்றாயே, அவர்களுடைய வீட்டுப் பெண்களிடம் நான் பேசுகிறேன். சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்கு உள்ளாகிறது என்ற பகரா சூராவின் 283ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். எந்த நாளில் வரலாம் என்று எழுது.

வஸ்ஸலாம்.

உன் உம்மா