மிச்சம் நிற்பவரைக் கோலுக்கு அனுப்பாதீர்கள்

சிறுவர், இளையோர் ஹேண்ட்பால் அணிகளின் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். அணி பிரிக்கும் நாளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வேகமாக ஓடுபவர், எம்பிக் குதிப்பவர், இடக்கையால் எறிபவர் எல்லோரையும் எடுத்தாயிற்று. அப்புறம் மிச்சம் நிற்பவரைப் பார்த்து, "சரி, நீ கோலில் நில்" என்பீர்கள். அப்படி நின்றவர்களில் நானும் ஒருவன். மடலில் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நார்வேயின் கோல்கீப்பர் காத்ரினே லுண்டேயைப் பாருங்கள். 2008-லும் 2012-லும் ஒலிம்பிக் தங்கம், அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம், 2024-இல் தன் 44-வது வயதில் மறுபடியும் தங்கம். விபோர்க், ஜியோர், வைப்பர்ஸ் என்று மூன்று கிளப்புகளில் ஏழு முறை ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பை. அவருடைய இரட்டைச் சகோதரி கிறிஸ்டினேயும் 2008 தங்க அணியில் ஆடியவர்தான். அவர் களத்தை விட்டுப் பல வருடங்கள் ஆன பிறகும் காத்ரினே கோலில்தான் நின்றார். கோல்கீப்பருக்கு அனுபவம் ஏற ஏறத்தான் மதிப்பு.

அந்த 2024 இறுதியில் நார்வே பிரான்ஸை 29-21 என்று வென்றது. ஆக, தங்கம் வென்ற அணியின் வலைக்குள்ளும் 21 பந்துகள் போயிருக்கின்றன! கால்பந்தில் என்றால் சிரித்தே மாய்ந்திருப்பார்கள். இங்கே மூன்றில் ஒன்றைத் தடுத்தாலே கெட்டிக்காரர். நீங்களோ ஆட்டம் முடிந்ததும் "எத்தனை விட்டாய்?" என்றுதான் கேட்கிறீர்கள்.

காக்க வேண்டிய கோல் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம், கையுறை கிடையாது. எறிபவர், கோலுக்கு முன்னால் இருக்கும் ஆறு மீட்டர் கோட்டிலிருந்து உள்ளே பாய்ந்து, கால் தரையில் படுமுன் பந்தை விடுகிறார். பெரியவர்கள் ஆட்டத்தில் அது மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும். பந்தைப் பார்த்த பிறகு அசைந்தால் நேரம் போதாது. தோளும் மணிக்கட்டும் திரும்புவதை முன்பே படித்திருக்க வேண்டும். தூரத்திலிருந்து வரும் எறிக்குத் தடுப்பாளர் எந்தப் பக்கத்தை அடைப்பார், நான் எதைப் பார்ப்பேன் என்றும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். தடுத்ததும் முடிந்துவிடுவதில்லை. எதிரணி திரும்பி ஓடுவதற்குள், முன்னால் ஓடும் நம் ஆளுக்குப் பந்து போய்ச் சேர வேண்டும். எதிர்த்தாக்குதலின் முதல் பாஸ் கோல்கீப்பருடையது. இத்தனையும் மிச்சம் நிற்பவருக்குத் தானாக வந்துவிடுமா?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதிதாக வருபவர்களுக்கு மெத்தென்ற பந்தால் தொடங்குங்கள். முகத்தில் ஒரு அடி பட்டால் அந்தப் பயம் லேசில் போகாது. பயிற்சி தொடங்கும்போது எல்லோரும் கண்டபடி எறிந்து கோல்கீப்பருக்கு வார்ம்-அப் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். முதலில் கைக்கு, அப்புறம் காலுக்கு என்று வரிசையாக எறியச் சொல்லுங்கள். வாரத்தில் அரை மணி நேரமாவது அவருக்கென்று தனியாக ஒதுக்குங்கள். அடுத்த முறை அணி பிரிக்கும்போது, "யாருக்குக் கோலில் நிற்க ஆசை?" என்று முதலிலேயே கேளுங்கள். கை தூக்க ஒருவராவது இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் கோல்கீப்பர்