அந்தப் பழுப்பு இன்ஹேலரை விட்டுவிடாதே

தம்பிக்கு,

அப்பாவுக்குச் சீனி இப்போது கட்டுக்குள் இருக்கிறது. அத்தை தெம்பனீஸ் வீட்டை விற்கப் போகிறாராம், நேரில் சொல்கிறேன்.

உன் சமையலறை மேடையில் வைட்டமின் டி, மெக்னீசியம், ஜிங்க், செலினியம் என்று பாட்டில்கள் வரிசையாக இருந்தன. இரத்தத்தில் வைட்டமின் டி குறைவு என்று கவிதா சொன்னாள். காலையிலிருந்து இரவுவரை ஏர்கானில் உட்கார்ந்தால் வேறெப்படி இருக்கும்? நம் நிறத்துக்கு வெயில் கூடுதலாகவே வேண்டும். டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடு, எலும்புக்கு நல்லது.

ஆனால் இழுப்புக்கு அதுவே போதும் என்று இருந்துவிடாதே. பலதுறை மருந்தகத்தில் கேட்டேன், தேடியும் படித்தேன். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழு, வைட்டமின் டி எடுத்தால் கடுமையான இழுப்பு குறையலாம் என்று 2016இல் சொன்னது. 2023இல் புதிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. மெக்னீசியம் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவது உண்மைதான். அது இழுப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு இரத்த நாளத்தில் ஏற்றுவது. மாத்திரையை விழுங்கிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

பழுப்பு இன்ஹேலரில் இன்னும் எத்தனை தடவை மருந்து மிச்சம் என்று காட்டும் எண் 112இல் நிற்கிறது. சின்னவள் பிறந்தநாளுக்கு வந்தபோதும் 112தான். நீல இன்ஹேலர் மட்டும் உன் சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை. நீலம் அந்த நேரத்துக்கு மூச்சுக்குழாயைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியேதான் இருக்கும். அதைக் குறைப்பது பழுப்பில் உள்ள ஸ்டீராய்டு. நீலத்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியே 2019இல் மாற்றி எழுதிவிட்டது. ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதே. இழுக்கும் மருந்தில் அளவு கொஞ்சம்தான், நேராக நுரையீரலுக்குப் போகிறது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பு.

எத்தனை பேரிடம் உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறேன் தெரியுமா? அப்படிப்பட்ட பிள்ளை நடுராத்திரியில் ஆம்புலன்ஸில் போனதை நான் மூன்றாம் மனிதர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. அம்மா பயந்துவிடுவாள் என்று மறைத்தாயாக்கும். மூவாரில் தாத்தாவுக்கு நடந்ததை நீயும்தானே பக்கத்தில் இருந்து பார்த்தாய்?

வைட்டமினைச் சாப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பழுப்பை விடாதே. காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, டாக்டர் சொன்னபடி. அடுத்த செக்கப் எந்தத் தேதி என்று இன்றைக்கே அனுப்பு. நானும் வருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

அம்மா