14ஆம் நம்பர் ரூம் ராஜிக்கு

ராஜி,

திட்டு. முதல்ல நல்லாத் திட்டி முடிச்சுடு, அப்புறம் படி. நானும் மீனாவும் ஐரோப்பா சுத்திட்டு ஊருக்கு வந்து மூணு மாசம் ஆச்சு, வாட்ஸ்அப்ல நாலு போட்டோ அனுப்பினதோட சரி, நீ ரெண்டு தடவை கால் பண்ணியும் "அப்புறம் பேசறேன்டி"ன்னு வெச்சுட்டேன். வேலை இருக்குன்னு சொன்னது பொய். உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும், சொல்லலாமா கூடாதான்னு தெரியாமலே இத்தனை நாள் ஓடிடுச்சு. போன்ல சொன்னா நீ நடுவுல பேச ஆரம்பிச்சுடுவ, அதான் உக்காந்து எழுதறேன். பெரியவன் இன்டர்வியூ என்னாச்சு? அண்ணாவுக்கு முழங்கால் தேவலையா? இங்க எல்லாரும் சௌக்கியம்.

"ஐரோப்பாவா, அதெல்லாம் பணக்காரங்க போற ஊருடி"ன்னு நீ சொன்னது இன்னும் காதுல இருக்கு, அதனால முதல்ல காசு விஷயத்தை முடிச்சுடறேன். ஃப்ளைட்டும் விசாவும் தனி, விசாவுக்கு மட்டும் ஆளுக்கு 90 யூரோ, அதுல ஒண்ணும் குறைக்க முடியாது. அதுக்கு மேல ஒரு நாளைக்கு ஆளுக்கு 60 யூரோ, படுக்க, சாப்பிட, சுத்த எல்லாம் சேர்த்து, அதைத் தாண்டக் கூடாதுன்னு மீனா ஒரு நாப்பது பக்க நோட்டுப் போட்டுட்டா. பாரிஸ் வேணாம், சுவிட்சர்லாந்து வேணாம், ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட் மூணு போதும்னு சொன்னதும் அவதான். மூணும் ஒரே ரயில் பாதையில இருக்கு, ப்ராக்ல ஏறினா நாலு மணி நேரத்துல வியன்னா, அங்க ஏறினா மூணு மணி நேரத்துக்குள்ள புடாபெஸ்ட், ரெண்டு மாசம் முன்னாடியே டிக்கெட் எடுத்தா தீபாவளிக்கு நம்ம ஊரு ஆம்னி பஸ்காரன் கேக்கற காசுதான் ஆகுது. பன்னெண்டு நாளும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி சில்லறை வரைக்கும் எழுதி வெச்சா. காவேரிக்குக் கம்மலை மொய் எழுதினவளாடி இவன்னு கேட்டேன், வழக்கம்போல முறைச்சா.

தங்கினது எல்லாம் ஹாஸ்டல்தான். அங்கயும் அதுக்குப் பேரு ஹாஸ்டல்னுதான், வார்டன் மட்டும் இல்ல. ஒரு ரூம்ல ஆறு கட்டில், மேலயும் கீழயும், கூட இருக்கறதுங்க எல்லாம் நம்ம பசங்க வயசு. சமையலறை பொதுவா இருக்கும். குட்டி ரைஸ் குக்கர், பருப்புப்பொடி, உங்க அம்மா சொல்லிக்கொடுத்த அந்த மாங்காத் தொக்கு, கடையில தயிர் வாங்கினா முடிஞ்சுது. ஒரு கொரியாப் பொண்ணு தொக்கைத் தொட்டு நாக்குல வெச்சுட்டுக் கண்ணுல தண்ணியோட இன்னும் கொஞ்சம் கேட்டா. நீ இருந்திருந்தா பாட்டிலையே தூக்கிக் குடுத்திருப்ப.

ப்ராக்ல முதல் நாளே ஒரு அடி. செக் நாட்டுல யூரோ கிடையாது, கொருனாதான். பழைய ஊரு சதுக்கத்துக்குப் பக்கத்துல ஒரு கடையில கமிஷன் இல்லைன்னு போர்டு பாத்து 100 யூரோ மாத்தினோம், கையில வந்ததை எண்ணினா கால்வாசி காணோம். மீனா அப்படியே ஹாஸ்டலுக்கு வந்து கட்டில்ல உக்காந்துட்டா, பேச்சே இல்ல. வரவேற்புல இருந்த பொண்ணு மூஞ்சியைப் பாத்துட்டு என்னன்னு கேட்டா, சொன்னோம், உடனே "ரசீது இருக்கா, மூணு மணி நேரம் ஆகலையே, ஓடுங்க"ன்னா. அந்த நாட்டுல 2019ல ஒரு சட்டம் கொண்டுவந்திருக்காங்க, 1000 யூரோக்குள்ள மாத்தினா மூணு மணி நேரத்துக்குள்ள வேணாம்னு திருப்பிக் குடுக்கலாம், கடைக்காரன் வாங்கித்தான் ஆகணும். மீனா நடந்த நடை இருக்கே, சரோஜா மிஸ் குடையைத் தூக்கிட்டு வருவாங்களே அந்த நடை. 100 யூரோவும் வாங்கிட்டுத்தான் வெளிய வந்தா. நீ போறப்போ ரசீதைத் தூக்கிப் போட்டுடாதே, இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ.

சார்லஸ் பாலத்துக்குக் காலையில அஞ்சரைக்கே போயிடணும்டி. 1357ல கட்ட ஆரம்பிச்ச கல் பாலம், ரெண்டு பக்கமும் சேர்த்து 30 சிலை, பகல்ல கால் வெக்க இடம் இருக்காது, அந்த நேரத்துல நாங்க ரெண்டு பேரு, நாயைக் கூட்டிட்டு வந்த ஒரு தாத்தா, அவ்ளோதான். ஆத்து மேல பனி. நம்ம திருச்சி ஓடத்துறைப் பாலத்துல நிக்கற மாதிரி இருக்குடின்னு மீனா சொன்னா, எனக்கும் அதேதான் தோணுச்சு. 1410ல செஞ்ச கடிகாரம் ஒண்ணு இருக்கு, மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயித்தை இழுக்கும், அப்போஸ்தலர்கள் ஜன்னல்ல வரிசையா வந்து போவாங்க, ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். அதையும் பாத்தோம்.

ஆனா என்னை ப்ராக்ல நிறுத்தினது வேற. வென்செஸ்லாஸ் சதுக்கத்து மேல் முனையில, மியூசியத்துக்கு முன்னாடி நடைபாதைக் கல்லுக்குள்ள ஒரு வெண்கலச் சிலுவை புதைஞ்சு கிடக்கு. தரையே ஒரு எடத்துல மேடா எழும்பி நிக்கும், கவனிக்காம மிதிச்சுட்டுப் போயிடலாம். யான் பாலாக், 20 வயசு, காலேஜ்ல படிச்சுட்டு இருந்த பையன், 1968 ஆகஸ்ட்ல சோவியத் டாங்கி நாட்டுக்குள்ள வந்ததுக்கு அப்புறம் ஜனங்க மெல்ல மெல்ல அடங்கிப் போறாங்களேன்னு 1969 ஜனவரி 16ஆம் தேதி அந்த எடத்துல தன் மேல பெட்ரோல் ஊத்திப் பத்த வெச்சுக்கிட்டான். மூணு நாள் கழிச்சு செத்துப் போனான். எனக்குக் கீழப்பழுவூர் சின்னசாமி ஞாபகம் வந்துட்டார். அதுவும் ஜனவரி, 1964, நம்ம திருச்சிதான், தமிழுக்காக. எங்க அப்பா அந்தப் பேரைச் சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிடும். உசுரை இப்படிக் குடுக்கறது சரின்னு என்னால எப்பவும் சொல்ல முடியல ராஜி, நம்ம பசங்க வயசு, அந்த அம்மாக்கள் என்ன பாடு பட்டிருப்பாங்கன்னுதான் மனசு போகுது, ஆனா அந்தச் சிலுவையைச் சுத்திக்கிட்டுப் போகத்தான் காலு வந்துச்சு, தாண்டிப் போக வரல.

வியன்னா வந்தோம். அங்க தண்ணிக்குக் காசு கிடையாது, தெருக்குழாய்லயே பிடிச்சுக்கலாம், மலை ஊத்துத் தண்ணி, 1873ல குழாய் போட்டு இறக்கினது, பம்பு இல்லாம சரிவுலயே ஊருக்கு வருது. ஐஸ் மாதிரி இருக்கும். 71ஆம் நம்பர் ட்ராம்ல ஏறினா மத்திய கல்லறைத் தோட்டம், பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் மூணு பேரும் பக்கத்துப் பக்கத்துல, டிக்கெட் கிடையாது, எவ்ளோ நேரம் வேணா உக்காரலாம். அந்த ஊருல யாராவது செத்துட்டா "71ல ஏறிட்டார்"னு சொல்றது வழக்கமாம். நம்ம ஊருல ஓயாமாரி சுடுகாட்டுக்குப் போயாச்சுன்னு சொல்ற மாதிரியே.

ஞாயித்துக்கிழமை பெரிய சண்டை. அங்க ஞாயிறு கடையெல்லாம் பூட்டிடுவாங்க, எங்களுக்குத் தெரியாது, அரிசி தீந்துபோச்சு, கையில ரெண்டு துண்டு ரொட்டி. ஒரே ஒரு நாள் காபிக் கடையில உக்காந்து சூடா எதாவது சாப்பிடலாம்டின்னு கெஞ்சறேன், நோட்டைத் தூக்கிக் காட்டறா. எனக்கு வந்துச்சு பாரு கோவம், "நீ காசைக் கட்டிக்கிட்டே படு"ன்னு சொல்லிட்டு நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். சாயங்காலம் வரைக்கும் பேசல. சொல்லியிருக்கக் கூடாது, அதுவும் அவளைப் பாத்து. ஏன்னு இப்ப சொல்றேன்.

திங்கக்கிழமை ஓபரா, பாட்டாவே பாடி நடிக்கற நாடகம். வியன்னா ஸ்டேட் ஓபராவுல நின்னுக்கிட்டே பாக்கறதுக்குன்னே நூத்துக்கணக்குல எடம் வெச்சிருக்காங்கடி. உக்கார்ற டிக்கெட் 200 யூரோக்கு மேலயும் போகும், நிக்கற டிக்கெட் 20க்குக் கீழ, அன்னன்னிக்குத்தான் குடுப்பாங்க, அதையும் ஏதோ மூலையில தூக்கிப் போடல, கீழ்த்தளத்துல நட்டநடுவுல, மேடைக்கு நேரா. 1869ல திறந்த கட்டிடம், 1945 மார்ச்ல குண்டு விழுந்து எரிஞ்சு, 10 வருஷம் கழிச்சுத் திரும்பக் கட்டித் திறந்திருக்காங்க. பக்கவாட்டு வாசல்ல வரிசையில நின்னு உள்ள போனதும் எல்லாரும் ஓடிப்போய்க் கம்பியில ஸ்கார்ஃபைக் கட்டறாங்க. அதைக் கட்டிட்டா அந்த எடம் அவங்களோடது, ஒருத்தரும் தொட மாட்டாங்க. துறையூர் பஸ்ஸுல ஜன்னல் வழியா நீ துண்டு போட்டு மூணு பேருக்கு எடம் பிடிப்பியே, அதேதான்! மீனா துப்பட்டாவைக் கட்டினா, ரெண்டு பேருக்குத்தான் எடம், மூணு பேருக்கு ஆகற மாதிரி அகலமாக் கட்டிட்டுப் பின்னாடி அவிழ்த்துச் சின்னதாக் கட்டினா.

அன்னிக்கு 'லா போயெம்'. புச்சினி போட்டது. முன்னாடி குட்டி ஸ்க்ரீன்ல இங்கிலீஷ்ல வரி ஓடும், அதனால கதை புரிஞ்சுது. பாரிஸ்ல ஒரு மொட்டைமாடி ரூம், காசில்லாத நாலு சினேகிதங்க, குளிருக்கு விறகு இல்லாம ஒருத்தன் தான் எழுதின நாடகத்தையே அடுப்புல போட்டு எரிக்கறான், வாடகை கேட்டு வர்ற வீட்டுக்காரரைப் பேசிப் பேசியே வெளிய அனுப்பிடறாங்க. நம்ம ஹாஸ்டல் 14ஆம் நம்பர் ரூம்தான், ஒண்ணும் வித்தியாசம் இல்ல. மீனா சிரிச்சுட்டே இருந்தா. கடைசி அங்கத்துல அந்த மீமீ பொண்ணு சாகக் கிடக்கறா, மருந்துக்குக் காசில்ல. அவ சினேகிதி முசெட்டா காதுல இருந்து தோட்டைக் கழட்டி, இதை வித்து மருந்து வாங்கிட்டு வா, டாக்டரைக் கூப்பிடுன்னு குடுக்கறா. இன்னொருத்தன் போட்டிருக்கற கோட்டைக் கழட்டி, அதுகிட்ட விடை சொல்லிப் பாடிட்டு விக்கக் கொண்டுபோறான்.

நான் ஸ்க்ரீனை விட்டுத் திரும்பி மீனாவைப் பாத்தேன். அவ கை தன் காதைப் பிடிச்சுட்டு இருந்துச்சு.

ராஜி, 1991ல உனக்கு மஞ்சக்காமாலை முத்திப்போய், கீழாநெல்லிக்கெல்லாம் கேக்காம ஆஸ்பத்திரியில சேத்தோமே, டெபாசிட் கட்டினாத்தான் பெட்டுன்னு சொன்னாங்க, உங்க அப்பா ஊருல இருந்து வர ரெண்டு நாள் ஆச்சு. ஹாஸ்டல்ல எல்லாரும் சேர்ந்து வசூல் பண்ணினோம்னு உன்கிட்ட சொன்னோம். வசூல் ஆனது 60 ரூபாய். மீதி மீனாவோட கம்மல். தெப்பக்குளம் பக்கத்துல அடகுக்கடைக்கு நான்தான் கூடப் போனேன். மீக்கவே முடியல, முழுகிப் போச்சு. அம்மா மண்டபத்துல குளிக்கும்போது ஆத்துல விழுந்துடுச்சுன்னு அவங்க வீட்டுல சொன்னா, அவங்க அம்மா அடிச்ச அடி தோள்ல தெரிஞ்சுது. நீ உடம்பு தேறி வந்ததும் அதே படியில உக்காந்து ஒரு மணி நேரம் தண்ணியைத் துழாவினியே, நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்காம நின்னோம். இத்தனை வருஷமா அவளைக் காவேரி மொய்னு கிண்டல் பண்றோம், நானும் தெரிஞ்சே பண்றேன், அவளும் சும்மா முறைக்கறா.

ஓபரா முடிஞ்சு ட்ராம் ஏறாம நடந்தே வந்தோம். "ராஜிகிட்ட சொல்லிடாதே"ன்னு ஒரு வார்த்தை சொன்னா, அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. நான் சரின்னு தலையாட்டினேன். இப்ப மீறறேன்.

ஏன்னா போன வருஷம் டிக்கெட் போடறப்போ உன் பங்குல பாதியை நான் போடறேன்டின்னு மீனா சொன்னா, நீ என்ன சொன்ன? "நான் இன்னி வரைக்கும் யார்கிட்டயும் கை நீட்டினது இல்ல, இனியும் மாட்டேன்"னு. ஸ்பீக்கர்ல இருந்துச்சு போனு, நானும் கேட்டேன். அவ போனை வெச்சுட்டு நோட்டைத் திறந்து மூணு பேருக்குப் போட்ட கணக்கை ரெண்டு பேருக்கு மாத்தி எழுதினா. ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல உன்னை. நீ தெரியாமத்தான் சொன்ன, தெரியும். இருந்தாலும் எனக்கு அன்னிக்கு உன் மேல வந்த கோவம் இன்னும் முழுசாப் போகல, அதையும் சொல்லிடறேன்.

புடாபெஸ்ட் பத்தி நேர்ல சொல்றேன். டான்யூப் ஓரமாவே போற 2ஆம் நம்பர் ட்ராம், 1896ல போட்ட பாதாள ரயில், எல்லாம் சாதா டிக்கெட்லயே சுத்தினோம். அங்க மட்டும் மூணு கட்டில் போட்ட தனி ரூம் சல்லிசாக் கிடைச்சுது. மீனா ஜன்னலோரக் கட்டில்ல பெட்டியை வெச்சுட்டா. ஏன்டி நீ அதுல படுக்கலைன்னேன், அது ராஜியோடதுன்னா.

அவகிட்ட இதைப் பத்திக் கேட்டுடாதே, தேங்க்ஸ்னு போன் பண்ணி அழுதுடாதே, என்னை உயிரோட விட மாட்டா. அடுத்த வருஷத்துக்கு போலந்துல க்ராகோவ் பக்கம் போக நோட்டுப் போட ஆரம்பிச்சிருக்கா, நேத்துப் பாத்தேன், ஆளு மூணுன்னு எழுதியிருக்கு. உன் பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு பீரோவைத் திறந்து பாத்து, முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. கண்ணாடி தலை மேலயே இருக்கும், தேடாதே.

வசந்தி