இரு மொழித் திருப்பலியில் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லத் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துப் பல பங்குகளில் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே கோவிலில் கூடுகிறார்கள். திருவிழா, பெரிய வியாழன், நத்தார் என்று வந்தால் இரு மொழியிலும் சேர்த்து ஒரே திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். நல்ல வழக்கம். ஆனால் பல இடங்களில் அதை நடத்தும் விதம் இரு தரப்பையும் சோர வைக்கிறது. ஒவ்வொரு வாசகமும் இரண்டு தடவை, ஒவ்வொரு மன்றாட்டும் இரண்டு தடவை. மறையுரை மட்டும் சிங்களத்தில் கால் மணி நேரம், தமிழில் இரண்டு நிமிடச் சுருக்கம். ஒரு மணி நேரத் திருப்பலி ஒன்றரை மணியைத் தாண்டுகிறது. அப்படியிருந்தும் தமிழர் கையில் கிடைப்பது மிச்சம்தான்.

திருப்பலியின் பெரும்பகுதி மாறாதது. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்பதிலிருந்து நற்கருணை மன்றாட்டு வரை எந்த மொழியில் சொன்னாலும் சனத்துக்கு இடம் தெரியும், பதில் தெரியும். அதை மொழிபெயர்க்க ஒருவரும் தேவையில்லை. ஒரு பகுதியை ஒரு மொழியில் முழுதாகச் சொல்லிவிட்டு அடுத்த பகுதியை மற்ற மொழிக்குக் கொடுத்தால் போதும். வாரத்துக்கு வாரம் மாறுவது வாசகம், மறையுரை, மன்றாட்டு, அறிவித்தல். உழைப்பு முழுவதும் அங்கேதான் போக வேண்டும்.

முதல் வாசகம் தமிழ், இரண்டாவது சிங்களம் என்று வைத்து, மற்ற மொழிப் பாடத்தை அச்சடித்துக் கையில் கொடுக்கலாம். ஏ4 தாள் ஒன்றை மடித்தால் இரு மொழிக்கும் இடம் காணும். ஒரே வாசகத்தைப் பாதி சிங்களம், பாதி தமிழ் என்று துண்டாடினால் இரு தரப்புக்கும் அரைகுறையாகவே போய்ச் சேரும். நற்செய்தியை மட்டும் இரு மொழியிலும் முழுதாக வாசிப்பது தகும் என்பது எங்கள் கருத்து. பதிலுரைப் பாடலில் பல்லவி ஒரு மொழி, சரணம் மற்ற மொழி. மன்றாட்டுகளை மொழி மாற்றி மாற்றிச் சொல்லி, சனத்தின் பதிலை ஒரே மொழியில் வைக்கலாம்.

கர்த்தர் கற்பித்த செபத்தை அவரவர் தம் மொழியில் ஒரே நேரத்தில் சொல்வது அழகு. கெடுவது ஒலிவாங்கியால்தான். பீடத்து ஒலிவாங்கி திறந்திருந்தால் குருவானவரின் மொழி ஒலிபெருக்கியில் முழங்கும். மற்றவர்கள் இரண்டாம் வரியிலேயே வாயை மூடிவிடுவார்கள். தொடக்கச் சொற்களைச் சொன்னதும் ஒலிவாங்கியை அடைத்துவிட வேண்டும்.

மறையுரைதான் எல்லாரும் இடறும் இடம். குருவானவர் ஒரு சொற்றொடர் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்வார், இப்படியே போகும். சிங்களத்திலும் தமிழிலும் வினைச்சொல் வாக்கியக் கடைசியில்தான் வருகிறது. பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் ஆம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்பது மொழிபெயர்ப்பவருக்கே தெரியாது. ஊகித்துச் சொல்லி, பிறகு திருத்த வேண்டிவரும். முழு வாக்கியங்களாக இரண்டு மூன்று, அதாவது இருபது முப்பது விநாடி, பேசிவிட்டு நிறுத்துவதே சரி. இரு மொழியின் வாக்கிய அமைப்பும் நெருங்கியது என்பதால், இடையில் ஆங்கிலத்தைக் கொண்டுவராமல் நேராக மொழிபெயர்க்கக்கூடியவரைத் தேடுங்கள். ஆங்கிலம் வழியாகப் போனால் வாக்கியம் இரண்டு தடவை தலைகீழாகிறது.

மறையுரைக் குறிப்பு வியாழக்கிழமைக்குள் மொழிபெயர்ப்பவர் கைக்கு வர வேண்டும். முழு உரை தேவையில்லை. வேதாகம இடங்கள், புனிதர் பெயர்கள், ஆண்டுகள், சொல்லப்போகும் கதை இருந்தால் போதும். வேத வசனத்தை அந்த இடத்தில் நின்று சொந்தமாக மொழிபெயர்க்கக் கூடாது. தமிழில் என்றால் 1995இல் வெளிவந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பை அடையாளத்தாள் வைத்துக் கையில் வைத்திருந்து அதிலிருந்தே வாசிக்க வேண்டும். சனத்தின் காதில் இருப்பது அந்த வசனம். இரண்டு மொழியிலும் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் என்றால் குருவானவருக்குச் சொந்தமாக ஆறு நிமிடம்தான். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பேச்சு நடக்கும்போதே மொழிபெயர்ப்பைக் கேட்கக் காதில் மாட்டும் கருவி தியானத்துக்கும் கருத்தரங்குக்கும் பொருந்தும். அதற்கு மொழிபெயர்ப்பவர் இரண்டு பேர் வேண்டும். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் சொற்கள் விடுபடத் தொடங்கும். மண்டபச் சத்தத்தைக் கேட்டு மொழிபெயர்க்காமல், ஒலிக் கலவைப் பலகையிலிருந்து (மிக்சர்) நேராகத் தலையணி ஒலிப்பானுக்கு ஒலியை எடுக்க வேண்டும். திருப்பலிக்கு அதை நாங்கள் விரும்பவில்லை. காதை அடைத்தவர் பாடமாட்டார்.

திரையில் தமிழ் கொத்துக் கொத்தாக ஆங்கில எழுத்தாகத் தெரிவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். பாட்டு பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சாகியிருக்கும், கோவில் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு ஒருமுறை மாற்றி வைத்தால் தீரும். இடப்பக்கம் ஒரு மொழி, வலப்பக்கம் மற்றது, ஒரு திரைக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். திரையை மாற்றுபவர் இரு மொழியும் வாசிக்கத் தெரிந்தவராக இருப்பது அவசியம்.

சிங்களப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடகர் குழுவுக்குக் கொடுப்பது மட்டும் போதாது. தமிழில் 'க' என்ற ஒரே எழுத்து வல்லொலி, மெல்லொலி இரண்டையும் சுமக்கிறது. அகரத்துக்கும் எகரத்துக்கும் இடையில் சிங்களத்தில் ஒலிக்கும் உயிருக்குத் தமிழில் எழுத்தே இல்லை. பல்லவியை ஒரு சிங்களப் பாடகர் குரலில் பதிந்து ஒரு வாரம் முன்பே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தமிழ்ப் பாட்டுக்கும் இதே வழி.

அறிவித்தல்களைச் சுருக்குவதுதான் அதிகம் மனத்தை நோகச் செய்கிறது. மறைக்கல்விப் பதிவு, உறுதிபூசுதல் வகுப்பு, நிவாரணப் பட்டியல் ஆகியவற்றின் திகதியும் நேரமும் ஒரு மொழியில் மட்டும் போனால் பிள்ளை ஒரு வருடம் பிந்துகிறது, குடும்பம் பட்டியலில் இல்லாமல் போகிறது. இவற்றை மட்டும் இரு மொழியிலும் ஒரு சொல்லும் குறையாமல் வாசித்து, பலகையிலும் ஒட்ட வேண்டும்.

ஒப்புரவு அருட்சாதனத்தை, அதாவது பாவசங்கீர்த்தனத்தை, மொழிபெயர்ப்பாளர் மூலம் பெறத் திருச்சபைச் சட்டம் 990 இடமளிக்கிறது. சட்டம் 983இன்படி அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். திருமணத்திலும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளச் சட்டம் 1106 இடமளிக்கிறது. இருந்தும், பெற்றோருக்காகப் பிள்ளையை மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள். தவக்காலத்தில் அயல் பங்கிலிருந்து மொழி தெரிந்த குருவானவர் ஒருவரை அழைப்பது அதைவிட எளிது. நல்லடக்கத்தில் இறந்தவர் வீட்டு மொழியே முதல் மொழி.

கோவாவிலிருந்து 1687இல் இங்கு வந்த புனித யோசப் வாஸ் இரு மொழியும் கற்றார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 1742இல் இறக்கும்வரை இரு மொழியிலும் எழுதினார். இந்த மண்ணின் திருச்சபை அப்படித்தான் எழும்பியது. எனவே குருமடத்தில் இரண்டாம் மொழியைப் பேச்சுத் தேர்வோடு கற்பிக்க வேண்டும் என்று ஆயர்களிடம் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. அதுவரை மடு மாதா கோவிலுக்குப் போகும் ஒவ்வொரு பங்கும் ஆவணித் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னரே இரு மொழிக் குழு ஒன்றை அமைக்கட்டும்: குருவானவர், இரு பாடகர் குழுத் தலைவர்கள், மொழிபெயர்ப்பவர் இருவர், ஒலிபெருக்கி பார்ப்பவர்.

இப்படிக்கு,
வழிபாட்டு மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள சிலர்,
கொழும்பு.