கையெழுத்து ஒன்றே முடிவாகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மீள வழியற்ற நோயாளிக்குச் செயற்கைச் சுவாசத்தை நிறுத்துவது குறித்து உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வகுத்த நடைமுறைகள், 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டன. மீள இயலாத நிலை வந்தால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுசெல்லாமல், இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் உறுதிசெய்யலாம். சிகிச்சையை நிறுத்தலாமா என்று ஆராயும் முதல் மருத்துவக் குழுவும், அதன் முடிவைச் சரிபார்க்கும் இரண்டாம் குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துரைக்க வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு வசதியற்றவர்களைச் சென்றடைகிறதா என்பதே என் கவலை. தீவிர சிகிச்சைப் பிரிவின் அன்றாடக் கட்டணத்தைத் தாங்க இயலாமல், தேறக்கூடிய நோயாளியையும் 'சொந்தப் பொறுப்பில்' என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே எந்தக் குழுவும் கூடுவதில்லை, ஒரு கையெழுத்தே முடிவாகிவிடுகிறது. மீளவே இயலாத முதியவர்கள் குழாய்களோடு வாரக்கணக்கில் கிடத்தப்படுவதும் துயரமே என்றாலும், முன்னதே பெரிய அநீதி. ஒருவர் முதியவர், மாற்றுத்திறனாளி என்பதற்காக அவருக்குச் சுவாச உதவி தேவை என்பதைக் குறைத்து மதிப்பிடுவதும் அத்தகையதே.

தீர்ப்பைச் செயல்படுத்தக் கர்நாடக அரசு 2025 ஜனவரியில் சுற்றறிக்கை வெளியிட்டது. எல்லா மாநிலங்களிலும், இரண்டாம் குழுவுக்கான மருத்துவர்களை மாவட்டந்தோறும் முன்கூட்டியே நியமிப்பதோடு, கருவி அகற்றப்படும் நோயாளியின் மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்துகளும் பயிற்சி பெற்ற செவிலியர்களும் அரசு மருத்துவமனைகளில் எந்நேரமும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.